பின்பக்கத்தில் இருந்த ஒன்பது பேர்

என் அம்மாவுக்கு,

நீ போன இடத்திலாவது உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு ஸ்டூல் கொடுத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. எழுதினால் நல்ல சேதியாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்கள். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நம் குளத்தை இப்போது பார்த்தால் நீ நம்ப மாட்டாய். சாயத்தண்ணீர் நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்களெல்லாம் ஷிஃப்டுக்கு ஓடிய கரையில் நடைபாதை, ஊஞ்சல், ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் வந்துவிட்டன. நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. கரையோரம் நீளமாக ஒரு சுவர் எழுப்பி, திருப்பூரின் வரலாறு என்று படம் படமாகப் பதித்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் அந்தச் சுவர்மேல்தான்.

சுவர் எழும்புவதற்கு முன்னால் ஒரு குழு வீடு வீடாக வந்தது. பழைய போட்டோ, ரேஷன் கார்டு, கம்பெனி அட்டை எது இருந்தாலும் கொடுங்கள், குடும்பங்களின் கதைதான் ஊரின் கதை என்றார்கள். அந்தப் பேச்சில் நான் மயங்கிப்போனேன். பீரோவில் சேலைக்கு அடியில் நீ வைத்திருந்த படத்தைக் கொடுத்தேன். குளக்கரையில் உன் பனியன் கம்பெனி வாசலில், ஆயுத பூஜை அன்று எடுத்தது. ஒன்பது பெண்கள், எல்லோர் தலையிலும் கனகாம்பரம். ருக்மணி சின்னம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பின்பக்கத்தில் நீ பென்சிலால் வரிசையாகப் பெயர் எழுதியிருந்தாய்.

திறப்பு விழாவுக்கு ருக்மணி சின்னம்மாவையும் கூட்டிப் போனேன். அந்த ஒன்பது பேரில் இன்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இன்னொன்றும் மங்கிக்கொண்டு வருகிறது. ஊர்ச் சுவரில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். ‘அக்காலப் பெண் தொழிலாளர்கள்.’ அவ்வளவுதான்.

“எம்பட பேரு எங்க கண்ணு?” என்று கேட்டார்.

பக்கத்துப் படம் என்ன தெரியுமா? உன் முதலாளியின் வம்சாவளி. அவர், மகன்கள், பேரன்கள், போன தையில் பெயர் வைத்த கொள்ளுப்பேரன்வரை எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. பால்குடி மறக்காத குழந்தை இந்த ஊருக்கு எத்தனை பனியன் தைத்துக் கொடுத்தது? அந்த வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் இருந்ததும் உனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. சொந்த மகள்களையே விட்டவர்கள் உங்களையா எழுதப்போகிறார்கள்?

விழாக் கூட்டத்திலேயே, குழுவில் பொறுப்பாக இருந்தவரைத் தேடிப் பிடித்தேன். மரியாதையாகத்தான் கேட்டேன். நம் ஊரில் சண்டைக்குப் போனாலும் ‘ங்க’ போட்டுத்தானே போக வேண்டியிருக்கிறது.

“ஏனுங்க, பின்னாடி பேரெல்லாம் எழுதியிருந்துச்சே, பாக்கலீங்களா?”

“முன்னாடி மட்டுந்தானுங்க ஸ்கேன் பண்ணுனோம். பின்னாடி எதுக்குங்க பாக்கோணும்?”

அம்மா, காலம் முழுக்க செக்கிங் டேபிளில் நின்றவள் நீ. ஒரு பனியனையாவது திருப்பிப் பார்க்காமல் பாஸ் பண்ணியிருப்பாயா? ஒரே ஒரு ஓட்டை கண்ணில் படாமல் போனதற்கு, அத்தனை பேர் முன்னால் உன்னை நிற்கவைத்துத் திட்டினார்களே. இந்த ஆள் ஓர் ஊரின் கதையையே திருப்பிப் பார்க்காமல் பாஸ் பண்ணிவிட்டு, தோளில் சால்வையோடு நிற்கிறார்.

அவர்கள் ஸ்கேன் பண்ணிவிட்டுத் திரும்பக் கொடுத்திருந்த அசல் படம் கையில் இருந்தது, அதைத் திருப்பிக் காட்டினேன். படித்துப் பார்த்தார். “டிசைன் முடிஞ்சுபோச்சுங்க. அதுவுமில்லாம நாலாவதா ‘நான்’னு போட்டிருக்குதுங்க. இத எப்படிங்க செவுத்துல எழுதறது?” என்றார்.

நாலாவது நீ. எட்டுப் பேரின் பெயரையும் முழுசாக எழுதிவிட்டு, உன் இடத்தில் ‘நான்’ என்று எழுதி வைத்திருக்கிறாய். ஏன் அம்மா? இந்தப் படம் நம் வீட்டைத் தாண்டிப் போகும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? உன்மேலும் எனக்குக் கோபம்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னம்மாவோடு மறுபடியும் போனேன். நானும் செக்கிங்கில்தானே இருக்கிறேன். துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்டி ஒட்டுவோமே, அந்தச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரில் கொஞ்சம் எடுத்துப் போனேன். வெள்ளை டேப்பில் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் அம்பு வைத்து, முகங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சின்னம்மா தன் பெயரைத் தானே எழுதினார். கையைப் பிடித்து எழுதவைக்கப் போனேன், விடவில்லை. சுவரில் மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் படித்தார்.

“போட்டோ புடிச்ச அன்னைக்குக் கண்ணத் தொறந்திருக்கலாம் சாமி” என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாளே கிழித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு திரும்ப ஒட்டினோம். அதையும் கிழித்தார்கள். போன வாரம் நாங்கள் போனபோது படத்துக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். டேப் இருந்த பசைத் தடத்தைத் தொட்டுக் காட்டி, “எங்கம்மா பழனியம்மா பேரு இங்கதானுங்களே இருந்துச்சு?” என்று கேட்டாள். டேப்பையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தேன்.

அவர்கள் கிழிக்கட்டும். என்னிடம் ஸ்டிக்கர் ரோல் ரோலாக இருக்கிறது. ஒன்பது பெயரும் அந்தச் சுவரில் நிலையாகப் பதியும்வரை நான் விடப்போவதில்லை. சின்னம்மாவின் மிச்சக் கண்ணும் மங்குவதற்குள் அது நடந்தாக வேண்டும். நீ ‘நான்’ என்று எழுதிய இடத்தில் உன் முழுப் பெயரைப் பதிக்கவைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நாலாவதாக நிற்கும் சரசுவதியின் மகள்,
தேவி