மூக்குக்கண்ணாடி இல்லாத முகம்

விஸ்மர், நவம்பர் 1909

என் அன்பு இர்மாவுக்கு,

அம்மா நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே சிலியில், வால்பரைசோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், என் நினைப்பெல்லாம் அதுதான். இங்கே துறைமுகம் பனியில் மூழ்கிக் கிடக்கிறது, கப்பல் தெரியவில்லை, ஊதல் மட்டும் வருகிறது. அப்பா போனதை எழுதியிருந்தேன். சவப்பெட்டியில் வைப்பதற்கு முன் படமெடுக்கும் வழக்கப்படி, உனக்கு ஒன்று அனுப்பலாமென்று படக்காரர் டீட்கேயை நான்தான் அழைத்தேன். போன வாரம் ரொட்டி வாங்கப் போனபோது அவர் கடைவாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படமாக இருந்தார், தலையணையில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல். அந்த முகத்தை நம் இருவரைத் தவிர யார் பார்த்திருக்கிறார்கள்? இத்தனை வருஷம் அவரிடம் பாடம் கேட்ட பையன்கள்கூடப் பார்த்ததில்லை. கண்ணாடியில் என் நிழலும் பனியும் அவர்மேல் அசைந்தன, மூச்சு விடுகிறார் போலிருந்தது, எவ்வளவு நேரம் நின்றேனோ.

படத்தை அங்கிருந்து எடுத்துவிடும்படி டீட்கேயிடம் சொன்னேன். "நீங்கதானேம்மா கூப்பிட்டீங்க. முகம் உங்க வீட்டுக்காரரோடது, இல்லேங்கல. அதுல விழுந்த வெளிச்சம் என்னோடதாச்சே" என்றார். மறுநாள் வக்கீல் ஓல்சனை அழைத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அவர் பழைய ரோமாபுரிப் பேச்சிலேயே இருந்தார். அங்கே செத்தவர் முகத்தை மெழுகில் எடுத்து வீட்டுக்குள் வைப்பார்களாம், ஆனால் முகத்துக்கென்று வழக்கு கிடையாதாம், அவமானப்படுத்தினால்தான் வழக்காம். நம் நாட்டிலும் சில வருஷம் முன்பு ஒரு பெரிய மனிதரின் சாவுப்படுக்கையைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்தபோது, அத்துமீறி உள்ளே புகுந்தார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பிடித்துக்கொள்ள முடிந்ததாம். இப்போதுதான் முகத்துக்கே சட்டம் வந்திருக்கிறது, இறந்தவர் படத்தைக் கடைவாசலில் வைக்க மனைவி மட்டுமல்ல, பிள்ளையும் சம்மதிக்க வேண்டுமாம். கடையில் ஓல்சன் குரலை உயர்த்தவேயில்லை. "சிலியில இருக்கற பொண்ணைக் கேட்டீங்களா டீட்கே? கேக்கலேல்ல? வெளிச்சத்தை நீங்க வச்சுக்குங்க, முகத்தைக் குடுத்துடுங்க" என்றார். டீட்கே முணுமுணுத்துக்கொண்டே படத்தையும் அதன் மூலக் கண்ணாடித் தகட்டையும் கறுப்புத் துணியில் சுற்றிக் கொடுத்தார். உன் சொல் இல்லாததுதான் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தகட்டையும் உடைப்பதாகத்தான் இருந்தேன். உடைக்குமுன் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். அதில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறித்தானே இருக்கும், அப்பாவின் நரைத்த முடி கறுகறுவென்று இருந்தது, நீ பிறந்த வருஷத்தில் இருந்ததுபோல. கை வரவில்லை. அதில் பாதி உன்னுடையது. பார்க்க வேண்டுமென்றால் ஒரு பிரதி போட்டு அனுப்புகிறேன், வேண்டாமென்றால் அன்றே உடைத்துவிடுகிறேன்.

குழந்தைக்குக் கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டு. கடவுள் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும். யோசித்து, மறக்காமல் பதில் எழுது.

உன் அம்மா,
மெக்டில்ட்