சாயாத பொழுதில் விடப்பட்ட ஏலம்

நலம் நிலைக்க! நீர் வற்றாதிருக்க!

பகைவர் வந்து சேராத போரில் வென்றருளியவரும், சித்திரப் புலியைச் சினந்து குத்தியவரும், ஏழு கடலையும் கரையில் நின்றே கடந்தவரும், ஓலை போதாமையால் இங்கே எழுதாது விட்ட விருதுகள் பலவற்றை உடையவருமான நெடும்பொழில் வேந்தர் பெருமானின் திருவடி நிழலில், ஓலைநாயகன் அரியமான், கருங்கால் துறைக் காவலை அண்மையில் ஏற்ற கொற்றனாருக்கு வரைந்து விடுக்கும் ஓலை. உம் துறையில் வெள்ளம் அடங்குக. உம் வீரர் கண்ணுறங்காதிருக்க. உறங்குதல் இப்போது குற்றமாகையால் இதை வாழ்த்தாகவும் கொள்க, எச்சரிக்கையாகவும் கொள்க.

ஆற்றின் நடுவிலிருந்து அரசரின் மைத்துனர் மாந்தரனார் கூவுகிறார் என்றும், கரை தெரியாமல் அவர் ஓடம் சுற்றுகிறது என்றும், துறைவிளக்கை ஏற்றலாமா என்றும் கேட்டு நீர் விடுத்த வீரன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். ஒரு விளக்கை ஏற்றுவது இத்தனை பெரிய காரியம் ஆனது எப்படி என்று புதியவராகிய நீர் அறிய வேண்டும்.

அத்துறையும் அதை ஒட்டிய வீடும் ஓடக்காரி சேந்தியுடையவை. அரசர் புதுவிருது சூடுந்தோறும் குடிகள் கட்ட வேண்டிய விருதுவரியை அவள் கட்டவில்லை. ஆகவே இரண்டையும் ஏலத்தில் விட அறங்கூறவை ஆணையிட்டது. ஏலம் பகலில் மூன்று தரம் கூறி முடிய வேண்டும், விளக்கு வைத்த பின் கூறிய தரம் செல்லாது என்பது சட்டம். ஒவ்வொரு தரத்திற்கும் முன்னே அரசரின் விருதுகளை ஒன்று விடாமல் ஓத வேண்டும் என்பதும் சட்டம். அன்று காலையில்தான் அரசர் மேலும் சில விருதுகளைச் சூடியிருந்தார். முரசறையும் பூதன் முதல் தரம் கூறியபோது உச்சிப்பொழுது. இரண்டாம் தரம் கூறியபோது மாடுகள் வீடு திரும்பின. மூன்றாம் தரம் மாந்தரனார் பெயருக்கு விழுந்தபோது அவர் முகம் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏலம் செல்லாது என்று சேந்தி அவையேறினாள். அவள் சொன்னது அவைக்கு ஒவ்வாதாயினும் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது: "ரெண்டு தரந்தான் சாமி பகல்ல சொன்னாரு. மூணாந்தரத்துக்கு முன்னாடி நான் கோழிய அடைச்சு, துறைவிளக்க ஏத்தி, கஞ்சியும் குடிச்சிட்டேன். பூதண்ணன் அப்பவும் புலியத்தான் குத்திக்கிட்டிருந்தாரு. இருட்டுல வித்தது வித்ததாகுமா?"

பூதன் அவளைப் பார்த்துச் சொன்னது: "நான் என்ன தாயி செய்யட்டும்? ஒரு விருத முழுங்குனா என் நாக்கு போயிரும். முழுங்கலேன்னா உன் துறை போயிரும். எனக்கு இருக்கிறது ஒரு நாக்குதானே?"

பொழுது சாய்ந்தது என்றால் அரசரின் புகழ் அளவுக்கு மீறி நீண்டது என்று பொருள்படும். சாயவில்லை என்றாலோ ஊரார் அனைவருக்கும் கண் இருந்தது. அவையோர் நெடுநேரம் விதானத்து வேலைப்பாட்டை வியந்துவிட்டு, வழக்கை அரசரிடம் அனுப்பினர். நம் புகழ் முடியுமுன் பொழுது முடியாது என்றும், சூரியன் மலைக்குப் பின்னே போனது பணிவினால் என்றும், அன்று பொழுது சாயவே இல்லை என்றும் அரசர் தீர்ப்பருளினார். ஏலம் செல்லும் என்றாயிற்று. பொழுதை நிறுத்தியவர் என்ற விருதும், அதற்குரிய வரியும் அன்றே பிறந்தன.

சேந்தி கும்பிட்டாள். "பொழுது சாஞ்சு விடிஞ்சதும் வெளியேறுன்னு ஏல ஓலையில எழுதியிருக்கு. சாயாத பொழுது எப்படிச் சாமி விடியும்? விடியட்டும், மறுபேச்சில்லாம கெளம்பிடறேன்" என்று சொல்லித் தன் துறைக்கே போய்விட்டாள். அவையில் யாரோ சிரித்தார். யாரென்று அப்போது தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவர் வீட்டார் இப்போது சிரிப்பதில்லை.

அதுமுதல் நாட்டில் விளக்கேற்றுவது அரசருக்கு எதிரான சாட்சியம். காவலர் கதவு கதவாகத் தட்டுகின்றனர். உறங்குவோர் எழுப்பப்படுகின்றனர், எழாதோர் கொண்டுபோகப்படுகின்றனர். பழக்கத்தில் கோயில் விளக்கைத் தூண்டிய முதியவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இன்று மாந்தரனார், ஏலநாள் இன்னும் முடியாததால் உடைமையை இன்றே கைக்கொள்ளலாம் என்று சொல்லி, விளக்கில்லாமல் ஓடம் ஏறினார்.

சேந்தி எண்ணெய் ஊற்றிய விளக்கோடு படியில் நின்று உம் வீரனிடம் சொன்னதையும் அரியமான் கேட்டறிந்தான்: "ஏத்துன்னா ஏத்திடறேன் அண்ணே. ஏத்துனா பொழுது சாஞ்சதா ஆயிடுமே, அப்புறம் ஏலம் என்னாவுறது? ராசாவையே ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு ஓடியாங்க. அந்த மனுசனுக்குத் தொண்ட கட்டிக்கிட்டு வருது."

அரியமான் இதை விண்ணப்பித்தான். அரசர் சிங்காதனத்தைத் தடவிக் கண்டுபிடித்து அமர்ந்து, பட்டப்பகலில் ஒருவர் வழிதவறுவது எங்ஙனம் என்று வினவியருளினார். உடன்பிறந்தவருக்காக அரசி அழுதார். எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை.

ஆகவே ஆணை: துறைவிளக்கை ஏற்றலாகாது.

ஆயினும் அரச ஓலை வந்த இடத்திலேயே, வந்தவுடனே, எழுத்துத் தவறாமல் படிக்கப்பட வேண்டும் என்ற பழைய ஆணையை எவரும் நீக்கவில்லை. இதைக் கடைசிப் படியில் நின்று, சேந்தியை அவள் கையில் உள்ளதோடு அருகே நிறுத்தி, ஓலையை உயர்த்திப் பிடித்து, இங்கே விட்ட விருதுகளையும் சேர்த்து உரக்கப் படிக்கவும். எவ்வொளியில் படித்தீர் என்று எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. விருதுகள் முடிய நெடுநேரமாகும், ஓடம் கரை சேர அது போதும். கரையேறும் மாந்தரனார் எதைப் பார்த்து வந்தேன் என்று சொல்கிறாரோ, அதை ஊரார் கேட்கும்படி சொல்லச் செய்க. ஏலம் எடுத்தவரின் வாய்ச்சொல்லை அறங்கூறவை தள்ளாது.

படித்துக்கொண்டிருக்கையில் ஆற்றில் குரல் நின்றுவிட்டால், படித்த ஒளியை அணைக்கவும். அப்போது, இவ்வோலை உமக்கு வரவே இல்லை.

அரக்கை உருக்க நெருப்பு ஆகாதென்பதால் ஈரமண்ணில் முத்திரை இடப்பட்டது. நாள், ஏலம் விட்ட அதே நாள். எழுத்து கோணியிருப்பின், எழுதியவன் கண் வெயிலில் கூசியது என்று கொள்க.