சனிக்கிழமைச் சோறு

மே 28, வியாழன்

தூறல். வேலையால் வந்தவுடன் சாமான் கட்டல். தொலைநோக்கி, முக்காலி, சுடுதண்ணிப் போத்தல், நுளம்பு எண்ணெய், கம்பளிக் காலுறை. மரக்குடில் பூட்டின் திறப்பு கைப்பைக்குள். இரண்டு மூன்று தரம் தொட்டுப் பார்த்தாகிவிட்டது.

பறவைச் சங்கத்தில் சேர்ந்து ஏழு வருடம். இதுவரை என் வேலை கூட்டத்துக்குக் கோப்பி ஊற்றுவதும், நான் பொரித்துக் கொண்டுபோகும் ரோல்ஸை அவர்கள் புகழ்வதைக் கேட்பதும். இந்த முறைதான் ஆந்தைக் கூட்டுக் காவல் எனக்கு. பெரிய சாம்பல் ஆந்தை. ஸ்வீடன் எல்லைக் காட்டில், சங்கத்தார் மரத்தில் கட்டிவிட்ட பலகைத் தட்டில் மூன்று குஞ்சு. தூரத்தில் கூடாரத்துக்குள் இருந்து பார்க்க வேண்டும். தகப்பன் என்ன கொண்டுவருகிறது, குஞ்சு தின்கிறதா. இடத்தின் பெயரை இதிலும் எழுத மாட்டேன். திறப்பைத் தந்த சங்கத்து யார்கில் சொன்னது ஒன்றே ஒன்று: மரத்தடிக்கு ஒருவரும் போகக் கூடாது. தாய் எழும்பினால் குஞ்சு போச்சு. கார் ஓட்ட என் மனிசன், இவர் மட்டும் வரலாம் என்று யார்கிலிடம் கேட்டு வாங்கியிருந்தேன்.

சாப்பிடும்போது இவர்: "அக்காவையும் கூட்டிக்கொண்டு போவம்."

"வேறை ஒருத்தரும் வரக்கூடாது எண்டவர்."

"அக்கா வேறை ஆளே? அத்தான் செத்த பிறகு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா."

அக்காவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இவர் கேட்கிற எல்லாக் கேள்வியும் இப்படித்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரிந்திருந்தால் விடிய இவரையும் விட்டுவிட்டுப் போயிருப்பேன். கோப்பையைக் கழுவும்போது ஒன்று உடைந்தது. உடையட்டும்.

மே 29, வெள்ளி

வடக்கே போக வேண்டிய கார் முதலில் தெற்கே, திராமன் நகரத்துக்கு. இவருடைய அக்கா, பவானி மச்சாள், வாசலில் நிற்கிறா. குளிர்ப்பெட்டி, சோறு அவிக்கும் குக்கர், இரண்டு பை. மூன்று நாளுக்கா மூன்று மாதத்துக்கா தெரியாது.

"ஆந்தையோ பிள்ளை? ஊரிலை அது கத்தினா கல்லெறிஞ்சு கலைப்பம். நீர் அதைப் பாக்க லீவு போட்டனீரோ?"

எனக்கே சிரிப்பு வந்தது. வழி முழுக்கச் செத்துப்போன தன் மனுசனைப் பற்றியே கதைத்தா. கடைசி மாதம் ஒன்றும் சாப்பிடவில்லையாம், கஞ்சிகூட இறங்கவில்லையாம். பசியோடு போனவர் என்று இரண்டு தரம் சொன்னா. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

மாலை கூடாரத்திலிருந்து முதல் பார்வை. தாய் தட்டில் குந்தியிருக்கிறது. வட்ட முகம், மஞ்சள் கண். சிறகுக்குக் கீழே ஒரு சாம்பல் தலை எட்டிப் பார்த்து உள்ளே போனது. பிறகு இன்னொன்று. மூன்றும் இருக்கின்றன. ஏழு வருடக் கோப்பிக்கு இது போதும்.

மே 30, சனி

நடந்ததை நடந்தபடி ஒழுங்காக எழுதுவேன்.

காலையில் கூடாரத்துக்குப் போகும்போது இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். குடிலுக்குப் பின்னால் இருக்கும் விறகு அடுக்கைக் காட்டினேன். "இதுக்கு அங்காலை ஒரு அடி வைக்கப்படாது." ஓம் என்றார் இவர். ஓம் பிள்ளை என்றா மச்சாள்.

மதியம். தாய் திடீரென்று எழும்பிப் பாய்ந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் மரத்தடியில் இவர். தொப்பி நிலத்தில், ஆந்தை தட்டிவிட்டிருக்கிறது. இவர் சிரித்துக்கொண்டு படம் எடுக்கப் போனை நீட்டுகிறார். பின்னால் மச்சாள், கையில் சாப்பாட்டுப் பெட்டி. எனக்குப் பசிக்குமாம். குறுக்கு வழியாம்.

ஓடிப்போனேன். தாய் தள்ளி ஒரு மரத்தில் இருந்து அலகை அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போகாமல் அது திரும்பாது. "உடனை நடவுங்கோ" என்கிறேன். மச்சாள் அசையவில்லை. சனிக்கிழமை விரதம். காகத்துக்கு வைக்காமல் அவ வாயில் பருக்கை படாது. அடிமரக் குற்றி ஒன்றில் சோறு, பருப்பு, நெய் வைத்தாயிற்று. கையைத் தட்டி, "கா, கா."

வந்தது காகம் அல்ல. அண்டங்காகம், இரண்டு. இந்தக் காட்டில் கூடு கொள்ளையடிப்பதில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மச்சாள் அப்படியே ஈர நிலத்தில் இருந்துவிட்டா. கன்னமெல்லாம் கண்ணீர். "பாத்தியேடா தம்பி, கூப்பிட்ட உடனை வந்திட்டார். திராமனிலை எட்டு மாசமா வைக்கிறன், ஒரு நாள் தொட்டவரே?"

"மச்சாள், எழும்புங்கோ."

"பொறும் பிள்ளை. மனுசன் சாப்பிட்டு முடியட்டும்."

கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இவர் என்னைப் பார்த்த பார்வை: விடும், பாவம். ஒன்று குற்றியில் சோறு தின்கிறது. மற்றதைக் காணவில்லை. நிமிர்வதற்குள் எங்கள் தலைக்கு மேலால் போனது. அலகில் சாம்பல் நிறமாக ஏதோ.

"அங்கை பார், வீட்டுக்கும் கொண்டு போறார்" என்றா மச்சாள்.

அது சோறு இல்லை.

கல்லெறிந்தேன், கத்தினேன். பறந்து பறந்து திரும்பி வந்தது. இரண்டு பேரையும் தள்ளாக்குறையாக அனுப்பிவிட்டுக் கூடாரத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தாய் திரும்பி வந்தது. தட்டின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தது. பிறகு தகப்பன் ஒரு எலி கொண்டுவந்து கொடுத்தது. வாங்கிக்கொண்டு குனிந்தது. கொடுக்க ஆள் இல்லை. எலியை அலகில் வைத்துக்கொண்டே நின்றது. நான் பார்த்த வரைக்கும் அப்படியே.

மே 31, ஞாயிறு

வெயில். கேட்பாரற்ற வெயில்.

சாமான் ஏற்றும்போது இவர், மெதுவாக: "அக்காட்டைச் சொல்லிப்போடாதையும். தாங்கமாட்டா."

"நான் தாங்குவனோ?"

"இயற்கைதானே. இல்லாட்டியும் காகம் எடுத்திருக்கும்."

மூன்று நாளாக இயற்கையைத் திரும்பிப் பார்க்காத மனிசன் எனக்கு இயற்கை படிப்பிக்கிறார். போத்தலைத் தூக்கி எறிந்தேன். அவர் மேல் இல்லை, கார்க் கதவில். கதவு கொஞ்சம் நெளிந்திருக்கிறது. சந்தோசம்.

யார்கிலுக்குப் போன் எடுத்தேன். யாரோ தெரியாத ஆட்கள் வந்தார்கள் என்று சொல்லச் சொன்னார் இவர். நான் உள்ளபடி சொன்னேன்: என் மனிசன், அவருடைய அக்கா, சோறு. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். திறப்பைத் தபாலில் அனுப்பினால் போதும் என்றார். கூட்டத்துக்கு வா என்று சொல்லவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

மச்சாள் பின் சீட்டில் வழி முழுக்க நித்திரை. எட்டு மாதத்தில் இப்படிப் படுத்ததில்லையாம், எழும்பிச் சொன்னா. முகம் தெளிந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிகிறது. எரிவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. இருந்தாலும் எரிகிறது.

திராமன். இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்தா.

"அடுத்த வருசமும் என்னைக் கூட்டிக்கொண்டு போம் பிள்ளை. அங்கைதான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டவர்."

"ஓம் மச்சாள்."

காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

"மெல்ல" என்றார் இவர். "கதவு."