யார் கேட்டால் எத்தனை

மார்ச் 3

தங்கை இன்று சொன்ன எண் நான்கு. நேற்று எட்டு. முந்தாநாள் மூன்று. மனச்சோர்வு என்று அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து, தினமும் மாலையில் மனம் எவ்வளவு கனக்கிறது என்று கேட்டுக் குறிக்கிறோம். டாக்டர் சொன்ன ஏற்பாடு. பத்து என்றால் தாங்கவே முடியாத கனம். எண்கள் இப்படித் துள்ளினால் எதை நம்புவது? ஆபீசில் நோயாளிகளின் எண்களைச் சலித்துப் போக்கு கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. இப்போது வீட்டிலும்.

மார்ச் 16

துள்ளலையெல்லாம் அர்த்தமில்லாத இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டுக் கோடு போட்டேன். மெல்ல இறங்குகிறது. கனம் குறைகிறது!

டாக்டரும் பார்த்தார். "இப்படியே போனா அடுத்த வாரம் மாத்திரையக் குறைச்சிடலாம்."

வரும் வழியில் அவளுக்குப் பிடித்த கேக் வாங்கினேன்.

மார்ச் 17

கேக் அப்படியே இருக்கிறது.

மார்ச் 19

கோடு இறங்குகிறது, அவளோ தலைகூட வாராமல் உட்கார்ந்திருக்கிறாள். மனசு கேட்கவில்லை. எண்களை மறுபடி பிரித்துப் பார்த்தேன்.

நான் தாமதமாக வரும் நாட்களில் என் கணவர்தான் கேட்டுக் குறிப்பார். அவர் கேட்ட நாளெல்லாம் எட்டு, ஒன்பது. நான் கேட்டால் மூன்று, நான்கு. அவளுக்காகவே இந்த மாதம் சீக்கிரம் வீடு திரும்ப ஆரம்பித்தேன். நான் கேட்ட நாட்கள் கூடின, கோடு இறங்கியது — அவ்வளவுதானா? கேட்டது யார் என்பதையும் கணக்கில் சேர்த்தேன். கோட்டில் இறக்கமே இல்லை.

இவரிடம் சொன்னேன். "உன் மூஞ்சியப் பாத்தா நானே நாலுன்னுதான் சொல்வேன்" என்றார். சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

மார்ச் 20

காலையிலேயே டாக்டருக்குப் போன் செய்தேன். குறைக்க வேண்டாம், வேறு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நல்லவேளை.

"ஏன்டி, என்கிட்ட மட்டும் குறைச்சுச் சொன்ன?"

"பெரிய நம்பர் சொன்னா நீ சாப்பிடாமப் படுத்துக்கிற, அக்கா."

அடிப்பாவி. நான் அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் தட்டைப் பார்த்திருக்கிறாள். இனி நான் கேட்கப்போவதில்லை. இவரே கேட்கட்டும்.

ஏப்ரல் 11

காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு எட்டு."

நான் கேட்கவே இல்லை. கத்தியைக் கீழே வைத்தேன். "சரிடா, வா, சாப்பிடலாம்" என்றேன்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், அவள் பார்க்கும்படி சாப்பிட்டேன். அவளும் பாதி சாப்பிட்டாள்.