சுவருக்கு வெளியே யாருமில்லை

அலைமானி நிலையம் எண் 4. பணியில்: நப்பின்னை.

நவம்பர் 16, 2087. காலை 6.00

காற்றழுத்தம் 1004 மில்லிபார். அலை உயரம் ஒன்றரை மீட்டர். கருவிகள் ஒழுங்கு. தென்கிழக்கே இருந்த தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. ‘மல்லிகை’ என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைப்பதில் மட்டும் இவர்களுக்குத் தாமதமே கிடையாது. என் கணக்குப்படி 19ஆம் தேதி கரையைக் கடக்கும்.

இந்தப் பெட்டியில் நான் எழுதும் குறிப்பை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, அதனால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தைக் காப்பாற்றப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் கடல்சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு வெளியே இரண்டு விட்டுப்போயின. ஒன்று கோரைத்திட்டு மீனவர் குப்பம், தொண்ணூறு பேர். இன்னொன்று அதை ஒட்டித் தூண்களின் மேல் நிற்கும் என் நிலையம். சுவரில் வண்டிகள் போக ஒரு பெரிய கதவு, ஆட்கள் போக ஒரு சுழல்கதவு. மணிக்கட்டில் எல்லோருக்கும் பதித்திருக்கிறார்களே அடையாளச் சில்லு, அதைப் படித்துத்தான் சுழல்கதவு ஆளை விடும். புயல் வந்தால் குப்பத்தார் உள்ளே போய் அரசு கட்டிய புயல் மண்டபத்தில் தங்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மண்டபம் கட்டி முடித்து எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அமைச்சர் இன்னும் ரிப்பன் வெட்டவில்லை.

நவம்பர் 16. மாலை 5.15

அலை இரண்டு மீட்டர். இன்று திறப்பு விழாவுக்கு ஒத்திகை நடந்தது. ஆமாம், ஒத்திகை. 19ஆம் தேதி காலை நல்ல நேரத்தில் அமைச்சர் மண்டபத்தைத் திறப்பார், திறந்த கையோடு குப்பத்து மக்களை வரவேற்பார், மதியம் புயல் வரும். திட்டம் இது. புயலுக்கும் அழைப்பிதழ் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பேரிடர் துணை ஆணையர் கோதண்டபாணி இரண்டு பஸ் அனுப்பினார். குப்பம் முழுக்க ஏற்றினார்கள். போட்டோவில் ஒரு விஞ்ஞானியும் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். மண்டப வாசலில் எல்லோர் மணிக்கட்டையும் முகத்தையும் இயந்திரம் பதிந்துகொண்டது. ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், ஒரு துண்டு. அமைச்சருக்குப் பதிலாக ஒரு கிளார்க் கும்பிட்டபடி நடந்து வந்தார். நிஜ அமைச்சரைவிட அவர் கும்பிடு நன்றாக இருந்தது. படம் எடுத்து முடித்ததும் எங்களை வெளியே தள்ளி, மண்டபத்தைப் பூட்டி, அதே பஸ்ஸில் வண்டிக்கதவு வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வண்டிக்கதவில் இயந்திரம் கிடையாது. பெரியவர்களின் கார் நிற்கக்கூடாதாம். ஆக, நாங்கள் உள்ளே வந்தது பதிவாகியிருக்கிறது, வெளியே போனது பதிவாகவில்லை. கோதண்டபாணியிடம் அங்கேயே சொன்னேன். நல்லதுதானே மேடம், அன்றைக்கு ஒரு வேலை மிச்சம் என்றார். இவருக்குத் துணை ஆணையர் பதவி கொடுத்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

தனபாக்கியம் அக்கா மண்டப வாசலில் அரை மணி நேரம் நின்று மல்லுக்கட்டினாள். மீன் கூடை சுமக்கிறவள், குப்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் மகள் நீலாவுக்கு இந்த வாரம் பிரசவம். அவளை மட்டுமாவது இங்கேயே விட்டுவையுங்கள் என்று கேட்டாள். திறக்காத மண்டபத்தில் எப்படித் தங்கவைப்பது என்று திருப்பிக் கேட்டார்கள்.

நவம்பர் 17. மதியம் 12.40

அழுத்தம் 996. புயல் வேகம் பிடித்துவிட்டது. 19 அல்ல, நாளை மதியமே கரையைக் கடக்கும். மூன்று தடவை கணக்குப் போட்டேன். எச்சரிக்கை அனுப்பினேன். மண்டபத்தை இன்றைக்கே திறக்கச் சொன்னேன்.

கோதண்டபாணி ஒயர்லெஸ்ஸில் வந்தார். அப்படியே எழுதுகிறேன், அலங்காரம் எதுவும் என்னுடையதல்ல: “மேடம், மினிஸ்டர் டேட் கொடுத்தாச்சு. புயல் சீக்கிரம் வந்தா அதுக்கு நாங்க என்ன பண்றது?”

பதினோரு வருடம் அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை.

நவம்பர் 17. மாலை 6.30

செய்தி பார்த்தேன். ஒத்திகைப் படங்கள் ஓடின. சுவருக்கு வெளியே இருந்த மக்கள் நூற்றுக்கு நூறு பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள், நாட்டுக்கே முன்மாதிரி என்று அமைச்சர் பேட்டி கொடுத்தார். திரையில் நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறேன். அரசு அறிவிப்புப்படி இந்த நிமிடம் நான் மண்டபத்தில் இருக்கிறேன். அங்கே மெத்தை எல்லாம் சௌகரியம்தான் போலிருக்கிறது.

இங்கே அலை மூன்றரை மீட்டர். குப்பத்தில் முதல் வரிசைக் குடிசைகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விடிந்ததும் எல்லோரையும் சுழல்கதவுக்கு நடத்திக்கொண்டு போவது என்று தனபாக்கியம் அக்காவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். மண்டபம் பூட்டிக் கிடந்தால் ரோட்டில் உட்காருவோம். சுவருக்கு உள்ளே இருந்தால் போதும், நீலா பிழைத்துக்கொள்வாள்.

நவம்பர் 18. காலை 8.20

போனோம். முழங்கால் தண்ணீரில் நீலாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் அவள் மணிக்கட்டைத்தான் காட்டினோம். சுழல்கதவு அசையவில்லை. இயந்திரம் சொன்னது:

“வணக்கம் நீலா. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.”

அடுத்து தனபாக்கியம் அக்கா. அடுத்து நான். ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி, வணக்கம் சொல்லி, அதே பதில். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தனபாக்கியம் அக்கா இயந்திரத்தைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, ஆனால் அதற்கு மேலும் திட்டியிருக்கலாம்.

பெரிய கதவும் மூடியாகிவிட்டது. தண்ணீர் ஏறி அபாயக் குறியைத் தொட்டதும் அது தானாக மூடும். வெளியே ஆள் இருப்பதாகப் பதிவிருந்தால் மூடாமல் காத்திருக்கும். பதிவில் ஆள் யாருமில்லை. கோதண்டபாணியைக் கூப்பிட்டுப் பதிவைத் திருத்தச் சொன்னேன். ஒரு நிமிட வேலை. அவர் சொன்னது:

“நூறு பெர்சன்ட்னு மினிஸ்டர் டிவில சொல்லிட்டார் மேடம். இப்ப நான் தொண்ணூறு பேர் வெளிய இருக்காங்கன்னு மாத்துனா, பொய் சொன்னது யாருன்னு கேள்வி வரும். கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க.”

பொய் சொன்னது நீங்கள்தான் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். புயல் காரணமாகத் தொடர்பு தடைப்பட்டது என்று பதிவாகியிருக்கும்.

நவம்பர் 18. முற்பகல் 11.10

அழுத்தம் 979. காற்று நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தொண்ணூறு பேரும் என் நிலையத்தில் இருக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு மொட்டைமாடி. நிற்க இடமில்லை. குப்பம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஓலைகூட வெளியே தெரியவில்லை.

நீலாவுக்கு வலி எடுத்துவிட்டது. தனபாக்கியம் அக்கா என் கையிலிருந்து ஒயர்லெஸ்ஸை வாங்கிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். நேற்றுவரை அதிகாரிகளை வாடா போடா என்று பேசியவள். அவள் குரல் இப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

“அய்யா, கோரத்திட்டு தனபாக்கியம் பேசுறேங்க. எம் பொண்ணுக்கு இடுப்பு வலி எடுத்துருச்சு. எங்களையெல்லாம் வுடுங்க. அவ ஒருத்திய மட்டும் உள்ள எடுத்துக்குங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

ஏதோ ஒரு சின்னப் பெண் பதில் சொன்னாள். நல்ல பொறுமைசாலி. நீலாவின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அவங்க மண்டபத்துலதான் இருக்காங்கம்மா. அங்கயே நர்ஸ் இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்க.”

தனபாக்கியம் அக்கா ஒயர்லெஸ்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புயல் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தது.

நவம்பர் 18. பிற்பகல் 1.50

பெண் குழந்தை. என் மேசை மேல் பிறந்தது. தாயும் சேயும் நலம். அலைமானி உடைந்துவிட்டது, கடைசியாகக் காட்டியது எட்டு மீட்டர். கிழக்குச் சன்னல் போய்விட்டது. ஒரு தூண் விரிசல் விட்டிருக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் தரை இடப்பக்கமாகச் சாய்ந்து மெல்லத் திரும்புகிறது. எத்தனை தடவை திரும்பும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் நடுவில் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூக்கு யார் மாதிரி என்று சண்டை வேறு. நானும் சிரித்தேன்.

நவம்பர் 18. பிற்பகல் 2.35

மீட்பு டிரோன் வந்திருக்கிறது. எல்லோரும் மாடியில் கத்துகிறோம். அது முதலில் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லோர் கையையும் முகத்தையும் படித்தது. பிறகு அறிவித்தது:

“கோரைத்திட்டு மக்கள் அனைவரும் மண்டபத்தில் பத்திரமாக உள்ளனர். ஒத்துழைப்புக்கு நன்றி.”

திரும்பிப் போகப் போனது. அப்போது நீலா குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நின்றுவிட்டது. இறங்கி வந்து பார்த்தது. குழந்தைக்குச் சில்லு இல்லை, முகம் எந்தப் பதிவிலும் இல்லை.

“வெளியே இருப்போர்: ஒருவர். மீட்பு தொடங்குகிறது.”

ஒரு கூடையை இறக்கியது. பெரிய ஆளே படுக்கலாம். நீலா குழந்தையோடு ஏறிப் படுத்தாள். கூடையின் மூடி மூடவில்லை. மூடாமல் அது கிளம்பாது. அவள் மணிக்கட்டை ஈரத்துணியால் சுற்றினோம். முகத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. முகத்தை மூடினோம். துணியை எடுக்கச் சொல்கிறது.

“நீலா, நீங்கள் ஏற்கெனவே மீட்கப்பட்டுவிட்டீர்கள். தயவுசெய்து மற்றவர்களுக்கு வழிவிடுங்கள்.”

ஒயர்லெஸ்ஸில் கோதண்டபாணியைக் கூப்பிட்டேன், காலில் விழுகிறேன் என்றேன், நிஜமாகவே சொன்னேன். அவர் பேட்டியில் இருக்கிறாராம்.

நேரம் பார்க்கவில்லை

விரிசல் விட்ட தூணோடு இரண்டாவது தூணும் போய்விட்டது. நீலா தானாகவே இறங்கிவிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு இறங்கினாள். தனபாக்கியம் அக்கா தன் சேலையைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றிக் கட்டுகிறாள். இந்தக் குறிப்புப் பெட்டியை அந்தத் துணிக்கு அடியில் வைக்கப்போகிறேன், அதனால் சீக்கிரம் எழுத வேண்டும்.

கூடையைத் திறப்பவருக்கு. குழந்தைக்கு இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். இங்கே தொண்ணூற்றொரு பேர் இருக்கிறோம். இயந்திரத்தைக் கேட்காதீர்கள், வந்து பாருங்கள், படகு அனுப்புங்கள், மேற்குத் தூண்கள் இரண்டும் இன்னும்

மூடி இறங்குகிறது. பச்சை விளக்கு எரிகிறது. குழந்தையின் தாய் மண்டபத்தில் இருக்கிறாள், அவளிடம் கொடுங்கள் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அங்கே போய்த் தேடாதீர்கள். அவள் இங்கே