பாதி எரிந்த கோடுகள்

மர்பி டவுன், பெங்களூரு
6 ஜூலை 2004

அன்புள்ள டிரேவர் அப்பாவுக்கு,

மாதா துணையால் நலம். மஸ்கட்டில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. நம் பிள்ளை டிரேவரின் முப்பதாம் நாள் பூசையை ஆம்ப்ரோஸ் அண்ணன் முன்னின்று நடத்தினார். எனக்கு அழுகை வரவே மாட்டேன் என்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தையல் வகுப்புக்கும் போகிறேன்.

போன மாதம் சௌம்யா என்று ஓவியக் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். அவர்களுடைய கண்காட்சிக்கு டிரேவர்தான் கம்ப்யூட்டர்களை மாட்டிக் கொடுத்தானாம். அப்போது தன் எச்சிலையும் கொடுத்திருக்கிறான். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் திரையில் வண்ணக் கோடுகளால் ஓர் அடையாளம் செய்திருக்கிறார்கள். பெயரோ போட்டோவோ கிடையாது. எச்சில் கொடுத்த யார் முன்னால் போய் நின்றாலும், அவர்களோடு ஒத்துப்போகும் கோடுகள் மட்டும் எரியுமாம். ஜூலை முப்பத்தொன்றில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அதற்குள் நாம் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். அதற்காக என் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துப் போனாள்.

நேற்று போனேன். பைத்தியக்காரி நான், மெழுகுவர்த்தி வேறு எடுத்துப் போனேன். கொளுத்தக் கூடாது என்றார்கள். திரையில் அவன் உங்கள் லுங்கி மாதிரி கோடு கோடாக இருந்தான். நான் நின்றதும் பாதிக் கோடுகள் எரிந்தன. மீதி இருட்டாகவே இருந்தது. கை வைத்தும் பார்த்தேன். அது அப்பாவின் பாதி என்றாள் சௌம்யா. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கால் வலிக்கும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

"அங்கிள் வரணும்னு இல்ல ஆன்ட்டி, குச்சிய கூரியர்ல அனுப்பிட்டாக்கூட போதும்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அடக்கத்துக்கே உங்கள் பெயரில் மலர்வளையம்தான் வந்தது. லீவு தரவில்லை என்றீர்கள். சாவுக்கு லீவு தராத கம்பெனியா என்று அண்ணன் கேட்டார்.

பைக் வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான் என்று இங்கே யாரும் பேசவில்லை. வாங்கிக் கொடுங்கள் என்று உங்களை நச்சரித்தது நான். சிவப்பு வேண்டாம், கறுப்பு எடு என்று கடையில் சொன்னதும் நான். அதை நான் யாரிடம் சொல்வது?

குச்சியை அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள். முப்பத்தொன்று தாண்டினாலும் பரவாயில்லை, வாருங்கள். மாதா உங்களைக் கைபிடித்து விமானம் ஏற்றிவிடட்டும்.

இப்படிக்கு,
டிரேவர் அம்மா
டோரதி