ஒரு பாட்டி போதுமாம்

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம். உங்கள் சுகத்துக்கு என்ன குறை? இப்போது ஊரே உங்களைப் பற்றித்தானே பேசுகிறது.

நம் பேரன் எடுத்த பக்திப் படத்தை நேற்றுப் பார்த்துவிட்டேன். பெரிய தியேட்டர் இல்லை. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அறுபது நாற்காலி, பாதிக்குக் கைப்பிடி கிடையாது. ஆனாலும் உட்கார இடம் இல்லை. ஒரு குடும்பம் கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் வந்து முன்வரிசையை வளைத்துப் போட்டுவிட்டது.

ஐந்து வயதில் அவன் காய்ச்சலில் விழுந்து, கால் விளங்காமல் கிடந்ததைத்தானே படமாக்கியிருக்கிறான்? அங்கேயே மூக்குறிஞ்சல் ஆரம்பித்துவிட்டது. பாட்டி கட்டிலருகே மண்டியிட்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய வேண்டிக்கொள்ளும் காட்சி வந்ததும் கேட்கவே வேண்டாம். எனக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர், கைக்குட்டை போதாமல் சட்டையை இழுத்துத் துடைத்துக்கொண்டார். பையன் எழுந்து நடந்ததும் ஒரே கைதட்டல். "அந்தப் பாட்டி முகத்தப் பாத்தியாடி? தெய்வம்!" என்று பக்கத்து சீட்டுக்காரி மகளிடம் சொன்னாள். அதே மூக்குக்கண்ணாடி, அதே சாய்ந்த தலை. சாட்சாத் நீங்கள்தான். பெருமையாக இருந்தது.

எண்ணெய் தேய்க்கக் கூலிக்கு ஒரு ஆயா வருகிறாளே, அவள் யார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. "நீட்டுடா கால, சோம்பேறி" என்று அவள் வாயைத் திறந்தாலே சனம் சிரிக்கிறது. அந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் மருமகனைப் பெற்றவள்


ஜூன் 9

அன்புள்ள சம்பந்தி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பாதி சந்தோஷம், பாதி பயம்.

இங்கேயும் அப்படித்தான். படம் முடிந்து வெளியே வரும்போது, டிக்கெட் கிழிக்கிற அம்மா, "இவங்கதான் அந்தப் பாட்டி" என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னைப் பிடித்து உட்கார வைத்து, குழந்தையை என் மடியில் போட்டு, "ஒரு வார்த்த வேண்டிக்குங்கம்மா" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஆயா விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள். கதையில் முதலில் இரண்டு பாட்டிகள்தான் இருந்தார்களாம். பணம் போட்டவர், "ரெண்டு பாட்டி வந்தா சனங்க குழம்பிடுவாங்க தம்பி, ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டாராம். அதனால் ஒருத்தியை ஆயா ஆக்க வேண்டியதாயிற்று. உங்களிடம் சொல்லத் தயங்கிக்கொண்டு என்னிடம் சொன்னான். இருபத்தெட்டாம் தேதி உங்கள் வீட்டுக்கு வந்து, உங்களோடு உட்கார்ந்து படம் பார்க்கப் போகிறானாமே. அப்போது அவனே சொல்வான்.

அன்புடன்,
உங்கள் மருமகளைப் பெற்றவள்


ஜூன் 13

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு பாட்டி போதுமாம். சரி. அந்த ஒரு பாட்டி யார் என்று முடிவு செய்தது யார்? என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் மட்டும் வந்ததாக்கும்?

படத்தை இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். பார்த்தேன் என்றால் படத்தையா பார்த்தேன்? ஓரமாக உட்கார்ந்து சனத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா காலைப் பிசையும்போது எல்லாரும் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். உங்களைக் காட்டியதும் கை அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு சின்னப் பெண் மட்டும், "அம்மா, அந்த ஆயாவுக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டது. "உஷ், பாட்டி சாமி கும்பிடுறாங்க பாரு" என்று அதன் வாயைப் பொத்திவிட்டாள் பெற்றவள்.

நான் அஞ்சாங்கிளாசோடு நின்றவள். எனக்கு வந்தது தேய்க்கத்தான். அவன் கத்தக் கத்தத் தேய்த்தேன். கடித்தான். ஒருநாள் உதைத்தான். கால் அசைகிறதே என்று அந்த உதையில்தான் எனக்கு உயிர் வந்தது. படத்தில்தான் நீங்கள் கட்டிலருகே மண்டியிட்டீர்கள். வீட்டில் கதவோரம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருநாளாவது எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்திருப்பீர்களா? அப்படி என்னதான் வேண்டிக்கொண்டீர்கள்? அதையாவது சொல்லுங்கள்.

இருபத்தெட்டாம் தேதி வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். ஒரு பாட்டிதான் போதுமே. உங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஆயா


ஜூன் 18

அக்காவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கவில்லையா? எடுத்துக்கொண்டு வந்தேன் அக்கா. "நீ வேணாம் போ, அந்தப் பாட்டிதான் வேணும்" என்று கத்தினான். நீங்கள் குளிக்கப் போனால்கூடக் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பான். கடிப்பதும் உங்களைத்தான், கட்டிக்கொண்டு தூங்குவதும் உங்களைத்தான். பெற்ற மகள் வீட்டில் நான் கதவோரம் நின்றேன். வேறு எங்கே நிற்பேன்?

கால் வர வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டது நிஜம். அவன் உங்களை உதைத்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, கால் வந்துவிடும், உங்கள் கை விடாது என்று. அதற்குப் பிறகு நான் உதட்டை அசைத்ததெல்லாம் இதற்குத்தான்: "கடவுளே, அந்தம்மா ரெண்டு நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போகட்டும். அவன் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடட்டும்."

இதைப் பார்த்துத்தான் உங்கள் மீசைக்காரர் சட்டையை நனைக்கிறார். இதற்குத்தான் என் மடியில் குழந்தையைப் போடுகிறார்கள். இனிமேல் நான் அந்தப் படத்துக்குப் போகப் போவதில்லை.

அவனுக்கு இது தெரியாது. அக்கா, பிள்ளை முழுசாக உங்களுக்குத்தான் கிடைத்தான். எனக்குக் கிடைத்தது ஒரு படம். அதையும் கேட்கிறீர்களே.

இப்படிக்கு,
கதவோரம் நின்றவள்


ஜூன் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வயதில் சின்னவள். இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாமா என்று வந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பச் சாமியிடம் மனுவா போட்டாய்? நல்லவேளை, சாமிக்கு அன்றைக்குக் காது அடைத்திருந்தது. மறுபடி படித்தபோது, சொல்லக் கூடாது, உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. உனக்கு என்மேல் பொறாமை! இத்தனை வருஷமாக ஒரு சாடைகூடக் காட்டவில்லையே. காட்டியிருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நேற்று மறுபடியும் போனேன். உன் காட்சி வந்தது, உதடு அசைந்தது, தியேட்டரே தேம்பியது. நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சிரிப்பை அடக்கத்தான் வாயைப் பொத்தினேன். பக்கத்தில் இருந்தவள் அதற்குள் என் முதுகைத் தடவி, "அழாதீங்கம்மா, பையன் நடந்துடுவான்" என்றாள். அதற்குப் பிறகு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்காதே.

பேரனை வரச் சொல்லிவிட்டேன். உன்னையும் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வரமாட்டேன் என்று அங்கே அடம் பிடிக்காதே.

உட்காருவது மட்டும் நான் சொல்கிறபடி. அவனை நடுவில் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருப்போம், படம் பாழ். அதனால் அவன் ஓரத்து சீட்டில். அவன் பக்கத்தில் நான். எனக்கு அந்தப் பக்கம் நீ.

இடைவேளைக்குப் பிறகு நாம் இடம் மாறிக்கொள்ளலாம். உன் காட்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போது அவன் உன் கையைப் பிடித்தால், நான் திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
அக்கா